வரைந்து காட்டாத வரைபட வகுப்பு

கேள்வி: நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்கில் எப்போதும் நல்ல மார்க். இந்த செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ், அதாவது பொருள்களை அளவோடு தாளில் வரையும் பாடம், கட்டாயம். சார் வரைந்து முடித்த படத்தை பிபிடியில் போட்டுவிட்டு, "பார்த்து வரைங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார். சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாம எப்படி இன்ஜினியரிங் வந்தே?" என்கிறார். வகுப்பில் பாதிப் பேர் சீனியரின் ஷீட்டைக் கண்ணாடி மேல் வைத்து, கீழே செல்போன் டார்ச் அடித்து அப்படியே நகல் எடுக்கிறார்கள். நான் எடுக்கவில்லை, இன்டர்னலில் ஃபெயில். கம்ப்யூட்டர் படிக்கிற எனக்கு இந்தப் பாடம் எதற்கு? எச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) புகார் சொல்லலாமா? இல்லை, எல்லாரும் சொல்வதுபோல் பத்து முக்கியக் கணக்கை மனப்பாடம் செய்து தாண்டிவிடட்டுமா?
– ச., பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட, "தப்பு என் மேல்தானோ" என்ற பயம்தான் அதிகம் தெரிகிறது. அதனால் அதை முதலில் பேசிவிடுவோம். பிளஸ் டூவில் வழக்கமான கணிதப் பிரிவில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளில் அநேகமாக யாரும் மினி டிராஃப்டரை, அதாவது பலகையில் மாட்டிக் கோடு போடும் கருவியை, கையில் தொட்டிருக்க மாட்டார்கள். தமிழ் வழியோ ஆங்கில வழியோ, இந்தப் பாடத்தில் எல்லாருக்கும் அரிச்சுவடிதான். தெரியாததைக் கற்றுக்கொள்ளத்தானே ஃபீஸ் கட்டி வருகிறோம்? உங்கள் சார் அப்படிக் கேட்டது தவறு. அவருக்கு வேறு துறைக்கு வந்து அறுபது பேருக்கு வகுப்பெடுக்க வேண்டிய அலுப்பு இருக்கலாம், சம்பளக் குறை இருக்கலாம். அதெல்லாம் வாஸ்தவம்தான். அந்தக் கேள்வியை நியாயப்படுத்த அது போதாது.

சரி, இந்த வகுப்பில் எது கெட்டுப்போயிருக்கிறது? போட்டு முடித்த சிக்குக் கோலத்தைக் காட்டி "போடு" என்றால் போட முடியுமா? எங்கே தொடங்கினார்கள், எந்தப் புள்ளியைச் சுற்றி எப்படித் திரும்பினார்கள் என்று பார்த்தால்தான் கை பிடிபடும். இன்ஜினியரிங் கிராபிக்ஸும் முழுக்க முழுக்க வரிசைதான். எந்தக் கோடு முதலில், எது அதிலிருந்து இறங்கி வந்தது என்பதுதான் பாடம். முடிந்த படத்தில் அந்த வரிசை தெரியாது. ஆகவே பிபிடியைப் பார்த்து உங்களுக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். அறுகோணப் பட்டகம் ஒன்று அடிவிளிம்பால் எச்.பி. (கிடைத்தளம்) மேல் நிற்கிறது, அச்சு எச்.பி.க்கு 45 டிகிரி சாய்வு, வி.பி.க்கு (செங்குத்துத் தளம்) இணை. பயப்பட வேண்டாம், அந்தப் பொருள் உங்கள் பாக்ஸிலேயே இருக்கிறது. சாதாரண ஆறு முகப் பென்சிலில் சீவாத துண்டு ஒன்று போதும். ஒரு நோட்டைப் பாதியாகத் திறந்து, ஒரு பாதி மேஜையில் படியவும் மறுபாதி சுவரில் சாய்ந்து நேராக நிற்கவும் வையுங்கள். மேஜையில் கிடப்பது எச்.பி., நிற்பது வி.பி., மடிப்புதான் எக்ஸ்ஒய் கோடு. பென்சில் துண்டை முதலில் நேராக நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் அறுகோணம், முன்னாலிருந்து பார்த்தால் செவ்வகம். இது முதல் நிலை. இப்போது துண்டைச் சுவருக்கு இணையாகவே பக்கவாட்டில் 45 டிகிரி சாயுங்கள். முன்னாலிருந்து தெரிகிற செவ்வகம் உருமாறவில்லை, சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பழைய ஃப்ரன்ட் வியூவை அப்படியே சாய்த்து மறுபடி வரைகிறோம். சாய்க்கும்போது எந்த மூலையும் சுவரை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அதனால்தான் பழைய டாப் வியூவின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் படுக்கைக் கோடு இழுக்கிறோம். சாய்ந்த ஃப்ரன்ட் வியூவிலிருந்து செங்குத்துக் கோடு இறக்குகிறோம். ஒவ்வொரு மூலைக்கும் முதலிலேயே ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்திருப்போம். அதே எழுத்துள்ள இரண்டு கோடும் வெட்டுகிற இடம் புது டாப் வியூவின் மூலை.

ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்தப் படங்கள் வேறு வேறு பொருள்கள் என்று நினைத்துத்தான் பாதி வகுப்பு குழம்புகிறது. ஒரே பொருளின் இரண்டு நிலைகள் அவை. மூலைகளுக்கு எழுத்து போடாமல் ஒரு கோடுகூட இழுக்காதீர்கள். எழுத்து விட்டுப்போன ஷீட்டில் பத்தாவது புள்ளிக்குமேல் எது எந்த மூலை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் சார் உட்பட.

கணக்கில் நல்ல மார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே கைகொடுக்கும். நேர்க்கோட்டுக் கணக்கில் 70 மி.மீ. நீளக் கோடு, ஏ முனை எச்.பி.க்கு 15 மேலே, வி.பி.க்கு 20 முன்னே, எச்.பி.க்கு 30 டிகிரி, வி.பி.க்கு 45 டிகிரி சாய்வு என்று கொடுத்தால், வரைவதற்கு முன்பே விடையைக் கால்குலேட்டரில் போட்டுவிடலாம். உயர வித்தியாசம் 70 சைன் 30, அதாவது 35. ஆக பி முனை எச்.பி.க்கு 50 மேலே. 70 சைன் 45 கிட்டத்தட்ட 49.5. ஆக வி.பி.க்கு 69.5 முன்னே. டாப் வியூவின் நீளம் 70 காஸ் 30, சுமார் 60.6. ஃப்ரன்ட் வியூவின் நீளம் 70 காஸ் 45, மறுபடி 49.5. வரைந்து முடித்து அளந்து பாருங்கள். ஒரு மி.மீ.க்குள் வந்தால் சரி, பத்து மி.மீ. தள்ளிப் போனால் கோணத்தை எங்கோ மாற்றி வைத்திருக்கிறீர்கள். தப்பைக் கண்டுபிடிக்க யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.

சொல்லித்தர ஆள்? என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்கள் எடுத்த பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. யூடியூபில் தமிழிலும் பொறுமையாக வரைந்து காட்டுபவர்கள் உண்டு. சினிமா மாதிரி பார்த்தால் பலனில்லை. ஒரு கோடு, நிறுத்து, நீங்களும் வரையுங்கள், அப்புறம் அடுத்த கோடு. ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் படிப்பது முதல் கோண முறை, டாப் வியூ எக்ஸ்ஒய் கோட்டுக்குக் கீழே வரும். அமெரிக்க வீடியோக்களில் மூன்றாம் கோண முறை, டாப் வியூ மேலே இருக்கும். இரண்டையும் கலந்து பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஹாஸ்டலில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு அக்கா யாராவது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டீக்கு ஒரு கணக்கு வரைந்து காட்டாமலா போய்விடுவார்?

"எனக்கு எதற்கு" என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த முறைக்கு ஒழுங்கான உருவம் கொடுத்தவர் காஸ்பார் மோஞ்ச் என்ற பிரெஞ்சுக்காரர். 1760களில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை. உயர்குடியில் பிறக்காததால் மாணவராகச் சேர முடியாமல், படம் வரையும் பிரிவில் இருந்தவர். கோட்டை அமைப்புக்கான நீளமான கணக்கு ஒன்றைப் படம் வரைந்தே சீக்கிரமாக முடித்துக் கொடுத்தபோது, இவ்வளவு வேகமாக முடிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அதை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். 1795இல்தான் மோஞ்ச் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். உங்கள் வகுப்பில் மட்டும் அந்த ரகசியம் இன்னும் காப்பாற்றப்படுகிறது போல!

கம்ப்யூட்டருக்கு இதில் சம்பந்தம் உண்டு. முப்பரிமாணப் புள்ளியில் ஒரு அச்சைக் கைவிட்டு மற்ற இரண்டை மட்டும் தாளில் வைப்பதுதான் டாப் வியூவும் ஃப்ரன்ட் வியூவும். முப்பரிமாண விளையாட்டையோ வீட்டு மாடலையோ திரையில் காட்டும் நிரல் இதையே அணியை (மேட்ரிக்ஸ்) வைத்துச் செய்கிறது. அதற்காக எல்லா கம்ப்யூட்டர் மாணவர்களும் கையால் டெவலப்மென்ட் (பொருளின் மேற்பரப்பை விரித்த படம்) வரைந்தே ஆக வேண்டுமா என்று கேட்டால், எனக்கே அதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் அது சிலபஸ் போடுகிறவர்களோடு போட வேண்டிய சண்டை. இந்த செமஸ்டரில் தீராது.

புகார் விஷயம். நேராக எச்.ஓ.டி. அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். "சார் சரியில்லை" என்று ஒற்றை ஆளாகச் சொன்னால், "நீ இன்டர்னலில் எவ்வளவு?" என்ற கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே வகுப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. கிளாஸ் கமிட்டி என்றால் உங்கள் பிரதிநிதிக்குத் தெரியும். பாடமெடுக்கும் ஆசிரியர்களோடு மாணவப் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர். செமஸ்டருக்குள் சில முறை கூட வேண்டும், குறிப்பு எழுதி முதல்வருக்கு அனுப்ப வேண்டும். பல கல்லூரிகளில் இது டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடுகிறது என்பதும் தெரிந்ததுதான். ஏன் என்றால் பிரதிநிதிகள் வாயைத் திறப்பதில்லை, திறந்தாலும் பொதுவாகப் பேசுகிறார்கள்.

நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பிரதிநிதியிடம் எழுதிக் கொடுங்கள். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "திண்மங்களின் வீழல் (புரொஜெக்ஷன் ஆஃப் சாலிட்ஸ்) யூனிட்டில் ஒரு கணக்கும் போர்டில் முதலிலிருந்து வரைந்து காட்டப்படவில்லை. வாரம் ஒரு கணக்காவது எக்ஸ்ஒய் கோட்டில் தொடங்கி, எழுத்துக் குறியோடு, போர்டில் வரைந்து காட்ட வேண்டும்." இவ்வளவு போதும். இதை மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்காது. செமஸ்டர் கடைசியில் ஆன்லைனில் வரும் ஃபீட்பேக் படிவத்தை நம்பி இருக்காதீர்கள். அது வரும்போது உங்களுக்குத் தேர்வே வந்துவிடும்.

அதற்கு நடுவே சாரிடம் ஒரு முறை வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். "புரியல சார்" என்றால் எரிந்து விழுகிற பலர், பாதி வரைந்த ஷீட்டோடு போய், "இது வரைக்கும் வந்துட்டேன் சார், இந்த 'டி' புள்ளியை எங்கே இறக்கணும்?" என்று கேட்டால் பென்சிலை வாங்கி வரைந்து காட்டிவிடுவார்கள். இவரும் அப்படித்தான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அப்போதும் கத்தினால், குழுவில் சொல்ல ஒரு விஷயம் கூடுகிறது.

பத்துக் கணக்கு மனப்பாடம்? வளைவரைகளுக்கு அது ஓரளவு செல்லும். மையத்தொலைத் தகவு (எக்சென்ட்ரிசிட்டி) 2/3, குவியம் இயக்குவரையிலிருந்து 50 மி.மீ. என்று நீள்வட்டம் கேட்டால், அந்த 50-ஐ ஐந்தாகப் பிரித்து, குவியத்திலிருந்து 20-இல் முனைப்புள்ளி என்று தொடங்கும் முறை எந்த எண்ணுக்கும் மாறாது. கையைப் பழக்கிவிட்டால் போதும். திண்மங்களில் கோணத்தையோ நிற்கிற விளிம்பையோ மாற்றிக் கேட்டால் மனப்பாடம் படுத்துவிடும். டார்ச் அடித்து நகல் எடுத்தவர்களுக்கும் அங்கேதான் சிக்கல், பரீட்சை ஹாலில் கண்ணாடி இருக்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வழக்கமான தாள் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் 20 மார்க், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் பழைய தாளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வளைவரையையும் ஐசோமெட்ரிக்கையும் முதலில் முடித்துவிட்டு திண்மங்களுக்கு வந்தால் படபடப்பு குறையும். உதவிக் கோடுகளை 2எச் பென்சிலில் மெலிதாகப் போடுங்கள், அழிக்காதீர்கள். விடை கொஞ்சம் தவறினாலும் முறை சரி என்று திருத்துபவருக்குக் காட்டுவது அந்தக் கோடுகள்தான்.

ஒருவேளை அரியர் விழுந்தாலும் அடுத்த முறை எழுதலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் நிலுவை இருக்கிறதா என்று கேட்கும் காலத்துக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

இன்னொன்று, டிராஃப்டர் இரவல் என்றால் தேர்வுக்கு முந்தின நாளே வாங்கிச் சோதித்துவிடுங்கள். பலகையின் இடது ஓரத்தில் ஒரு படுக்கைக் கோடு, வலது ஓரம் வரை நகர்த்தி இன்னொன்று. இரண்டும் இணையாக இல்லை என்றால் திருகை இறுக்குங்கள். அப்படியும் ஆடினால் வேறு டிராஃப்டர் தேடுங்கள்.