கோடை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. சின்னப் பிள்ளைகளை எப்படிப் பாதுகாப்பது? ஏ.சி. வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க முடிந்தால் வாங்குங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் உங்கள் பிள்ளை பகலிலும் ராத்திரியிலும் எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். நான் வேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. "வெயில்ல ஆடாதே, உள்ளே போ" என்று தினமும் விரட்டுகிறோம். அந்த 'உள்ளே' என்பது சிமெண்ட் ஷீட் போட்ட வகுப்பறையாகவோ, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் படுக்கையறையாகவோ இருந்தால், வெளியே வேப்ப மரத்தடியே தேவலை.

இதற்கு நல்ல சாட்சி அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. ஒரு நகராட்சி மருத்துவமனையில், பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் உடம்பு கொதித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபடி இருந்தன. பிரசவ வார்டு இருந்ததோ மேல்மாடியில். பிறகு வார்டைக் கீழே இறக்கினார்கள். வெக்கையால் அப்படி வரும் சிசுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது. மாடியை மாற்றியதற்கே இவ்வளவு பலன். 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றையே போட்டது. நம் நாட்டில் அதுதான் முதல்.

"நீங்கல்லாம் இதே வெயில்ல வளரலையா?" என்று என் மாமியார் கேட்பார். வளர்ந்தோம் அத்தை, ஓட்டு வீட்டில். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் பத்து மணிக்கு மேல் காற்று வரும். இப்போதோ காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடிய விடியக் கக்குகிறது. பெரியவர்கள் புழுக்கத்தில் புரண்டு படுத்தாவது சமாளிப்போம். சின்ன உடம்பு அப்படியில்லை. எடைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் சுற்றியிருக்கும் சூடு சீக்கிரம் ஏறிவிடும். கைக்குழந்தைக்கு வியர்ப்பதும் குறைவு, வாய் திறந்து சொல்லவும் தெரியாது.

அதனால் செலவு செய்வதென்றால் முதலில் தளத்துக்குச் செய்யுங்கள். மார்ச்சிலேயே மாடியில் வெள்ளை அடித்துவிடுங்கள். கூலிங் பெயிண்ட் கட்டுப்படியாகாவிட்டால் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடிக்கலாம். கீழே இரண்டு மூன்று டிகிரியாவது இறங்கும். மேல்மாடியில் தூங்கும் குழந்தையைக் கோடை முடியும்வரை கீழே படுக்க வையுங்கள். அறையே அடுப்பாக இருக்கும்போது ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம், அது சூட்டுக் காற்றைத்தான் சுழற்றும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே விட்டால் பலன் தெரியும்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 2019-இல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள், இப்போது நம் ஊரிலும் வாட்டர் பெல் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்ததும் என் வகுப்பைப் பார்த்தால், பையன்கள் மடக் மடக்கென்று குடிப்பார்கள், பெண் பிள்ளைகள் உதட்டை நனைத்துவிட்டு மூடியைத் திருகிவிடுவார்கள். கேட்டால், "பாத்ரூம் நாறுது மிஸ்." சாயங்காலம் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்கள். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தால், பள்ளியில் போய்க் கேட்க வேண்டியது கழிப்பறையைப் பற்றி.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் போதும், அடிக்கடி கொடுங்கள். "நாக்கு வறண்டுடுச்சு" என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்ட வரும் சொந்தக்காரர்களை அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டால் டெட்ரா பேக்கில் பழச்சுவை பானத்தை எடுத்து நீட்டுவார்கள். அதில் சர்க்கரை அதிகம். போக்கு இன்னும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காக விடாமல் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரை லேபிளில் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. அப்படியும் பாக்கெட்டைத் திருப்பி, உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவை கரைத்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்கினால் அளவு கெட்டுப்போகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் உளறுகிறது, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது என்றால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். வெப்பத்தால் ஏறிய சூட்டை அந்த மாத்திரை இறக்காது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வையுங்கள்.

அப்புறம் ஒன்று. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்காக 12, 14 தேதிகளுக்குத் தள்ளிவைத்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். வேண்டியதுதான். ஆனால் லீவு விட்டால் பிள்ளை வீட்டு ஷீட்டுக்குக் கீழே போய் உட்காரும், திறந்தால் பள்ளி ஷீட்டுக்குக் கீழே. கூரை மாறாமல் தேதியை மட்டும் மாற்றுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஏப்ரல் மாதக் கூட்டத்தை மதியம் இரண்டு மணிக்கு, ஷீட் போட்ட அந்த வகுப்பறையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.