ஆளைப் பார்ப்பதா, முறையைப் பார்ப்பதா? வடசென்னைத் தொழில் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு மாதச் சம்பளத்தை விட்டு பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, மாறினேன். உற்பத்தி ஏறியது, கூடவே ரிஜெக்‌ஷனும் ஏறிவிட்டது. மெட்டீரியல் கொடுத்து வேலை தரும் கம்பெனிக்காரர்கள் கெட்டுப்போன பீஸின் மெட்டீரியல் விலையைப் பில்லில் கழிக்கிறார்கள். பசங்களுக்குப் பொறுப்பு போய்விட்டதா?

ப: ஆள் அதே ஆள்தான். கூலி எண்ணிக்கைக்குப் போகிறது, அளவுக்குப் போகவில்லை. ஒரே வேலையில் சுலபமாக எண்ணக்கூடிய பாதியும் கஷ்டப்பட்டு அளக்க வேண்டிய பாதியும் இருந்து, எண்ணும் பாதிக்கு மட்டும் காசு கொடுத்தால் மறுபாதி தேயும். பொருளாதார அறிஞர்கள் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோமும் பால் மில்க்ரோமும் 1991-ல் இதைக் கணக்காகவே நிறுவிக் காட்டினார்கள். இந்தத் துறையில் செய்த பணிக்காக ஹோல்ம்ஸ்ட்ரோம் 2016-ல் ஆலிவர் ஹார்ட்டுடன் நோபல் பரிசு பெற்றார்.

மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். 25 மி.மீ. ஷாஃப்ட் ஓடுகிறது. வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்லக் கூடும். முனையைத் திருப்பிப் போட்டு, ஆஃப்செட்டை (டூல் நிற்கும் தூரத்தை) சரிசெய்து, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் பார்க்கப் பத்து நிமிஷமாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு உங்களிடம் கூலி இல்லை, அதனால் "இன்னும் இருபது ஓடட்டும்" என்று ஆபரேட்டர் விடுகிறார். அனுபவசாலிகள் எப்போதும் அளவைக் கொஞ்சம் ப்ளஸ் பக்கமே வைப்பார்கள். கூடுதலாக இருந்தால் இன்னொரு கட் கொடுத்துக் காப்பாற்றலாம், குறைந்துவிட்டால் நேரே ஸ்கிராப். அவசரத்தில் ஒரேயடியாக ஆஃப்செட் கொடுப்பவரிடம்தான் மைனஸ் பீஸ் விழும்.

ஒரு மாதிரிக் கணக்கு. நாளைக்கு 350 பீஸ் ஓடியபோது ரிஜெக்‌ஷன் 2 சதவீதம், அதாவது 7. இப்போது 400 ஓடி 6 சதவீதம், அதாவது 24. நல்ல பீஸ் 343-லிருந்து 376 ஆகிறது, 33 கூடுதல். ஜாப் சார்ஜ் (நல்ல பீஸுக்குக் கம்பெனி தரும் தொகை) 9 ரூபாய் என்றால் கூடுதல் வரவு 297. பீஸுக்கு 2.50 கூலி என்றால் கூடுதலாக ஓடிய 50 பீஸுக்குக் கூலி 125. ஆக மிச்சம் 172. கூடுதலாகக் கெட்டுப்போன 17 பீஸுக்கு மெட்டீரியல் 70 ரூபாய் வீதம் கழிவது 1,190. உங்கள் சொந்த எண்களை இதில் போட்டுப் பாருங்கள்.

பீஸ் ரேட்டை அடியோடு எடுத்துவிட வேண்டியதில்லை. வருமானத்தின் பெரும்பகுதியை நிலையான சம்பளமாக வைத்து, கம்பெனி ஏற்றுக்கொண்ட நல்ல பீஸுக்கு மட்டும் மேலே ஊக்கத்தொகை கொடுங்கள். இன்சர்ட் மாற்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து பீஸ் வரவு வையுங்கள், மெஷினை நிறுத்த யாரும் தயங்கமாட்டார்கள். முதல் பீஸ், பிறகு ஒவ்வொரு 25-வது பீஸ் ஸ்நாப் கேஜில் (விட்டம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) போய் வரட்டும். நல்ல பீஸ் நுழைய வேண்டிய 'கோ' பக்கம் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தாலே இன்சர்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆபரேட்டர் தானே பார்த்துச் சிவப்பு டப்பாவில் போடும் பீஸுக்குப் பிடித்தம் கூடாது. பிடித்தம் செய்தால் அந்தப் பீஸ் கிரேட்டின் நடுவில் ஒளிந்து கம்பெனிக்கே போய்ச்சேரும். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அது தெரியாமலே பல பட்டறைகளில் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். நன்றாக ஓட்டுகிறார்கள் என்பதற்காக ரேட்டைக் குறைத்துவிடாதீர்கள். ஒருமுறை குறைத்தால் போதும், அடுத்த வருஷம் யாரும் 350-ஐத் தாண்டமாட்டார்கள். தாண்ட முடியும் என்பதையும் உங்களிடம் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

கே: மணலியில் ஃபேப்ரிகேஷன் யூனிட். ஒரு பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்கிறேன். பணம் வர 120 நாள் ஆகிறது. சட்டம் இருக்கிறது என்கிறார்கள், என்ன பிரயோஜனம்?

ப: சட்டம் பலமானதுதான். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவன) மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த உரிமை கிடையாது.

நடைமுறையில் வழக்கு விழுவது மூன்று இடத்தில். ஒன்று, உத்யம் பதிவு, அதாவது உங்கள் நிறுவனம் குறு அல்லது சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு. சப்ளைக்கு முன்பே எடுத்து, எண்ணை எல்லாப் பில்லிலும் அச்சடித்துவிடுங்கள். பின்னால் எடுத்தால் பழைய பில்லுக்குச் செல்லாது என்று வாதாடுவார்கள். இரண்டு, தேதி. சரக்கு போய்ச்சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். எனவே கேட்டில் செக்யூரிட்டி போடும் 'இன்வர்ட்' முத்திரைதான் உங்கள் உயிர். டிரைவர் கொண்டுவரும் டெலிவரி சலானில் முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று, வாய்ச்சொல். "வெல்டு சரியில்லை" என்று போனில் சொன்னால், அதையே மெயிலில் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலில் தீர்ப்பு வந்தால், அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிற கம்பெனி தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனாலும் பலர் போவதில்லை. போனால் அடுத்த பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) வராது என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது. கையில் உரிமை இருந்தாலும் அதைப் பயன்படுத்தினால் பிழைப்பு போகும் என்றால் யார் பயன்படுத்துவார்?

சண்டை போடாமல் இரண்டு வழி உண்டு. வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஒரு மாற்றம் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தரும் தொகையை, பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் இந்தப் பட்டியலைத்தான் தேடுவார். ஜனவரியிலேயே உத்யம் சான்றிதழையும் பாக்கிப் பட்டியலையும் அக்கவுண்ட்ஸுக்கு மரியாதையான ஒரு மெயிலில் அனுப்பிவிடுங்கள். அடுத்தது ட்ரெட்ஸ், அதாவது பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளங்கள். 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இந்தத் தளங்களில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. கம்பெனி உங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டுவிட்டால், வங்கி தள்ளுபடி கழித்துக்கொண்டு பணம் தரும். பிறகு கம்பெனி கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது. சேருவதுதான் கட்டாயம், ஒவ்வொரு பில்லையும் ஏற்பது கட்டாயமில்லை. ஆகவே அடுத்த ரேட் பேசும்போதே "பில் ட்ரெட்ஸில் ஏறும்" என்று பி.ஓ.வில் எழுதி வாங்குங்கள்.

கே: காசிமேட்டு விசைப்படகுகளில் ஏன் இன்னும் பங்கு முறை? நாள் சம்பளம் கொடுத்தால் என்ன? (கல்லூரி மாணவி, ராயபுரம்)

ப: கடலுக்குள் நடப்பது கரையில் இருக்கும் உரிமையாளருக்குத் தெரியாது. வலையை இன்னொரு தடவை போட்டார்களா, மீனை உடனே ஐஸில் வைத்தார்களா, யார் பார்ப்பது? நாள் சம்பளம் என்றால் ஒவ்வொரு படகிலும் ஒரு மேஸ்திரி வேண்டும். பங்கு என்றால் தொழிலாளியே தனக்கு மேஸ்திரி. ஏலத்தில் வரும் பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பிரிக்கிறார்கள். செலவை முதலில் கழிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மொத்த வரவில் பங்கு கொடுத்து டீசலை உரிமையாளர் தலையில் மட்டும் போட்டால், கொஞ்ச மீனுக்காகத் தொலைதூரம் ஓட்டினாலும் ஆட்களுக்கு நஷ்டமில்லை. இப்போது இரு பக்கமும் டீசலைப் பார்க்கிறது. கடலில் வெறும் வலை வந்தால் அந்த நஷ்டமும் இரு பக்கமும் பிரிகிறது.

முறை கெடுவது முன்பணத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், வருமானம் இல்லை. அப்போது கடன் கொடுத்தவரிடமே மீனை ஏலத்துக்கு விட வேண்டும் என்ற கட்டு வந்துவிட்டால், விலை நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு மீனைக் கொண்டுபோக முடியாது. பங்கு எவ்வளவு நியாயமாகப் பிரிந்தாலும், பிரிப்பதற்கு முன்பே தொகை குறைந்துவிடுகிறது.

கே: முப்பது வருஷ ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார். எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. எழுதிக் கொடுங்கள் என்றால் தட்டிக் கழிக்கிறார். (தண்டையார்பேட்டை)

ப: சொல்லிக் கொடுத்துவிட்டால் தன் மதிப்பு போய்விடும் என்று நினைக்கிறார். முதலில் அதைத் தீருங்கள். ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராக வருவதற்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அவருக்குக் கீழே பழகுபவர் தனியாக செட்டிங் போட்டு முதல் பீஸ் அளவுக்குள் வந்தால், ஃபோர்மேனுக்கு ஒரு தொகை தாருங்கள்.

பேப்பரை அவரிடம் நீட்டாதீர்கள். பழகுபவர் கையில் வேலை, ஃபோர்மேன் பக்கத்தில் நின்று பேச்சு, மூன்றாவது ஆள் எழுத்து. ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு செட்டிங் ஷீட்: ஸ்பிண்டில் வேகம், ஃபீட், டூல் வெளியே நீளும் அளவு, க்ளாம்ப் போடும் இடம் போட்டோவுடன். கடைசி வரியாக, "எது தப்பாகும், எப்படித் தெரியும்" என்று அவர் வாயாலேயே. சத்தம் மாறினால் என்ன, வெட்டும்போது விழும் உலோகச் சுருள் நீலம் பாய்ந்து வந்தால் என்ன என்பதெல்லாம் இந்த வரியில்தான் வந்து விழும்.

குறித்து வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மும்பைக்கு அருகிலுள்ள நெசவு ஆலைகளில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், துணிக் குறைகளைத் தினமும் பதிவது, மெஷின் பராமரிப்பு, சரக்குக் கணக்கு போன்ற அடிப்படைப் பழக்கங்களால் முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. முதலாளிகள் முன்பே ஏன் செய்யவில்லை? பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களும் நமக்குத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்கள்.

கே: 34 பேர் வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு தேவையா? யூனியன் வந்துவிடுமோ என்று பங்குதாரர் பயப்படுகிறார். (புளியந்தோப்பு)

ப: 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் குழு சட்டப்படி கட்டாயம். நிர்வாகம், தொழிலாளர் இரு தரப்பிலும் சம எண்ணிக்கை வேண்டும். பயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறோம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பெரம்பூரில், பி அண்ட் சி நெசவு ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்ற தலைவர்களிடம் தொழிலாளர் கொண்டுபோன குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடக் கிடைத்த நேரம் போதவில்லை என்பது. அதை ஆலைக்குள்ளேயே கேட்டுத் தீர்க்க அன்றைக்கு ஒரு வழி இருக்கவில்லை.

மாதம் ஒரு நாள், சம்பளம் கொடுத்து ஒரு வாரம் கழித்து, வேலை நேரத்துக்குள்ளேயே அரை மணி நேரம் கூடுங்கள். சூப்பர்வைசர் தலைமை ஏற்கக் கூடாது, பாதிக் குறைகள் அவரைப் பற்றித்தான் இருக்கும். போன மாதம் கேட்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதை முதலில் வாசியுங்கள். தண்ணீர் கேன், கழிப்பறை விளக்கு போன்ற இரண்டு சின்ன விஷயங்களை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். பெரிய விஷயங்கள் மூன்றாவது கூட்டத்தில் வரும்.