கேள்வி நேரம்: நாற்காலியில் இருப்பவருக்கு ஏன் சாதகம்?

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்தை மக்கள் வாய்க்கு வாய் திட்டுகிறார்கள். ஆனால் பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்கிறவர்களில் பெரும்பாலான தேர்தல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜெயிக்கிறார்களே, எப்படி?

பதில்: திட்டு சபைக்கு, ஓட்டு தங்கள் தொகுதி ஆளுக்கு. வராத ஓய்வூதியம், சிக்கிக்கொண்ட பாஸ்போர்ட், முன்னாள் ராணுவத்தினர் சலுகை என்று மனு போனால், உறுப்பினரின் அலுவலக ஊழியர்கள் துறையைத் துரத்தி முடித்துத் தருவார்கள். அவர்களுக்குச் சம்பளம் அரசுப் பணம். உறுப்பினர் வாக்காளர்களுக்கு அனுப்பும் அலுவல் கடிதத்துக்கு அஞ்சல்தலைகூட வேண்டாம். உறையில் உறுப்பினரின் கையெழுத்து இருந்தால் போதும். தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களில் மொத்தமாக அனுப்பத் தடை உண்டு. அதற்குள் பெயர் வீடு வீடாகப் பதிந்திருக்கும்!

அடுத்தது பணம். அரசியல் நிதிக் குழுக்கள் (தேர்தலுக்காகப் பணம் திரட்டிக் கொடுக்கும் அமைப்புகள்) ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். நாளை யாரிடம் காரியம் ஆக வேண்டுமோ, அவருக்கே தருவார்கள். நிதி குவிந்ததைப் பார்த்து, பலமான போட்டியாளர் ஒதுங்கி, இடம் காலியாகட்டும் என்று காத்திருப்பார். எதிரில் நிற்பது பெரும்பாலும் பெயர் தெரியாத ஆள். என் கணக்கில் இதுதான் பெரிய காரணம்.

கேள்வி: அப்படியானால் தோற்பது எப்போது?

பதில்: ஊழல் புகார், கட்சிக்கு எதிரான அலை, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல். 10 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி எல்லை மாறினால், பழக்கப்பட்ட வாக்காளர்களும் கைவிட்டுப் போவார்கள்.