முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

பிளஸ் டூ கணக்கில் 78 மார்க் எடுத்த மகள் பி.ஏ. பொருளாதாரம்தான் படிப்பேன் என்கிறாள், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நாடு போகிற வேகத்துக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் வேலை, நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு முன்பணம் கட்டு" என்று உங்கள் தம்பி விரட்டுகிறார்.

நாடு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வளர்வது உண்மைதான். ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் போல இன்னும் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டு வருமானத்தில் அந்தத் துறையின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட வராது. வளர்ச்சிக்கு ஏற்ற வேலை பெருகவில்லை என்பதுதான் அரசின் பெரிய தலைவலி. 'வளருது' என்பதை மட்டும் நம்பி நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது தம்பி இல்லை, நீங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அப்பாவின் ட்ரெய்லர் எத்தனை ட்ரிப் போனது, டீசல் எவ்வளவு, துறைமுக கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைக்கிறாளாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர் பனியனும் இறாலும் போகாவிட்டால் அப்பாவுக்கு லோடு குறையுமா என்று கேட்டாளாம். பொருளாதாரத் துறையில் இருப்பவர்கள் கேட்கிற கேள்வி அது!

பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி, கட்டணம் சொற்பம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

அப்புறம் வேலை. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும், 2க்குக் கீழோ 6க்கு மேலோ போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கிக்கு உள்ள இலக்கு. அந்தக் கணக்குக்கு அடிப்படை, தேசியப் புள்ளியியல் அலுவலகம் கடை கடையாக, மாதாமாதம் எடுக்கும் விலைகள். வீடு வீடாகப் போய் யாருக்கு வேலை இருக்கிறது என்று கேட்பதும் அவர்கள்தான். அங்கே இளநிலைப் புள்ளியியல் அதிகாரி என்றொரு பதவி உண்டு. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான தேர்வில் ஆள் எடுக்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டமும் பிளஸ் டூ கணக்கில் 60 சதவீதமும் இருந்தால் எழுதலாம். உங்கள் மகளிடம் அந்த மார்க் இப்போதே இருக்கிறது. எம்.ஏ. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, 30 வயது வரை எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவும் உண்டு.

மகளுக்கு ஒரு கண்டிப்பு: கணக்கை விட்டுவிடக் கூடாது. நல்ல இடத்தில் எம்.ஏ. சேர அது வேண்டும். புள்ளியியல் பாடத்தையும் ஒதுக்கக் கூடாது.

தம்பியிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். முன்பணம் கட்ட வேண்டாம். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து நிரப்பட்டும். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.