கடின மரத்தை அதிகச் சூட்டில் காயவைத்தால் பலம் குறையுமா?

சூளையில் சூட்டைக் கூட்டினால் பலகை சீக்கிரம் காயும், ஆனால் மரத்தின் வலு போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் எத்தனை டிகிரி என்பதைவிட, அந்தச் சூடு படும்போது மரத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதுதான் முக்கியம்.

காய்வதால் மட்டும் மரம் பலவீனமாகாது. பச்சை மரத்தில் செல்களின் உள்ளே தேங்கிய தண்ணீரும், செல் சுவரில் பிணைந்த தண்ணீரும் உண்டு. தேங்கிய தண்ணீர் போகும்வரை வலு அப்படியேதான் இருக்கும். ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரின் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குகிறது, கூடவே வலுவும் ஏறுகிறது. 12 சதவீதத்தில், குறையில்லாத ஒரு துண்டு இழையின் வாக்கில் தாங்கும் அமுக்கம் பச்சையில் தாங்கியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சூடு இதில் இரண்டு வழியில் குறுக்கிடுகிறது. சூடாக இருக்கும்வரை மரம் சற்று இளகும். ஆறியதும் அது சரியாகிவிடும். இன்னொன்று நிரந்தரச் சேதம். ஈரமும் சூடும் நீண்ட நேரம் சேர்ந்திருந்தால் செல் சுவரைப் பிணைத்து வைக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் சிதையும். கடின மரங்களில், அதாவது ஓக் போன்ற அகன்ற இலை மரங்களில், அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகள் அதிகம் என்பதால், அவை பிரிந்து அசிட்டிக் அமிலம் உருவாகி, அதுவே சிதைவை வேகப்படுத்தும். முதலில் அடிபடுவது அதிர்ச்சி தாங்கும் தன்மை. அதனால் சுத்தியல், கோடாரிப் பிடிக்கான மரத்தில் நான் அவசரமே படமாட்டேன். பார்வைக்குப் பலகை நன்றாகவே இருக்கும், ஓங்கி அடிக்கும்போதுதான் பட்டென்று முறியும்.

அப்புறம் வெடிப்பு. மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்கப் பார்க்கும், ஈரமான உள்பகுதி விடாது. இளகிய நிலையில் அந்த இழுவிசையை மரம் தாங்காமல் மேலே கீறல் விழும், சிலசமயம் பின்னால் உள்ளே தேன்கூடுபோல் பிளக்கும். ஓக் மாதிரி முரண்டு பிடிக்கும் மரத்துக்கு வழக்கமான சூளை அட்டவணை (எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்ற வரிசை) 43 டிகிரி செல்சியஸ் அளவில், காற்றில் ஈரத்தை நன்றாக வைத்துத் தொடங்குவது இதனால்தான். உள்பகுதியும் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு சூட்டைப் படிப்படியாக 70, 80 டிகிரி வரை ஏற்றலாம்.

எப்போது ஏற்றுவது என்பதை நாள் கணக்கில் முடிவு செய்யாதீர்கள். அடுக்கிலிருந்து எளிதில் உருவக்கூடிய மாதிரிப் பலகைகள் சில வைத்து, எடை போட்டு ஈரத்தைக் கணக்கிடுங்கள். அவற்றில் மிக ஈரமானதைப் பார்த்தே சூட்டைக் கூட்டுங்கள்.