சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்: முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

கேள்வி: ஐயா, திருச்சியில் பட்டம் படித்தேன். திருமணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்து, சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்தது. இப்போது ஓர் ஆணைபெற்ற கழகத்தில், அதாவது தனிச் சட்டத்தால் அமைந்த அரசாங்க அமைப்பில், வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். பட்டச் சான்றிதழில் என் பெயர் 'மீனாட்சி எஸ்'. அடையாள அட்டையில் 'மீனாட்சி சுந்தரம்'. ஆவண வேலை பார்க்கும் ஒருவர், "பெயர் பொருந்தாவிட்டால் முதல் நாளே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். டீட் போல் (பெயர் மாற்றப் பத்திரம்), அப்போஸ்டில் (ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) எல்லாம் சேர்த்து 480 வெள்ளிக்கு முடித்துத் தருகிறேன்" என்றார். 100 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? முதல் நாளுக்கு வேறு என்ன தயார் செய்ய வேண்டும்? (ஈசூன் வாசகி, பெயர் மாற்றப்பட்டுள்ளது)

பதில்: கொடுக்காதீர்கள். மீதி 380 வெள்ளி உங்களிடமே இருக்கட்டும்.

அரசாங்க அலுவலகங்களின் ஆள்சேர்ப்பு மேசையில் இருபது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். தகப்பனார் பெயர் ஒரு தாளில் எழுத்தாகவும் இன்னொரு தாளில் முழுசாகவும் இருக்கிறது என்பதற்காக யாரையும் வாசலோடு அனுப்பியதில்லை. தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பது சிங்கப்பூருக்குப் புதுச் செய்தியா என்ன? இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள் எத்தனை பேரின் அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ இருக்கிறது! அப்படியும் படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடமாட்டார்கள். நம் ஆட்கள் அப்பா பெயரை அதில் தள்ளிவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அப்பா பெயரால் கூப்பிடப்படுகிறார்கள். உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு வேடிக்கை: இரண்டையும் சேர்த்துப் படித்தால் மீனாட்சிசுந்தரம், அதாவது ஆண்பிள்ளைப் பெயர். அலுவலக மின்னஞ்சலில் எந்தப் பெயர் முன்னால் வரவேண்டும் என்று சேருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். கணக்கு திறந்த பிறகு மாற்றச் சொன்னால் மூன்று பிரிவுகளுக்கு அலைய வேண்டியிருக்கும்.

இப்போது அந்த டீட் போல். அது உங்கள் இன்றைய பெயரை மாற்றுகிற பத்திரம். பழைய சான்றிதழில் அச்சான பெயரை அது தொடவே தொடாது. இன்று உங்களுக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்றால், டீட் போல் போட்ட பிறகு அது மூன்றாகவும் ஆகலாம். அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கி எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு திரிய வேண்டும். காலில் முள் தைத்ததற்குக் கையில் கட்டுப்போடுகிற வைத்தியம் இது.

அப்போஸ்டில் கதை இன்னும் மோசம். இந்தியப் பட்டத்துக்கு அப்போஸ்டில் தருவது இந்திய வெளியுறவு அமைச்சின் வேலை. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் சட்டக் கழகம் அப்போஸ்டில் வழங்குகிறது. ஆனால் உங்கள் பட்டத்தின் நகலை இங்குள்ள நோட்டரியிடம் காட்டி, அதன்மேல் ஓர் அப்போஸ்டில் வாங்கினால், அது உறுதிப்படுத்துவது நோட்டரியின் கையெழுத்தையும் முத்திரையையும்தான். உங்கள் பட்டம் உண்மையா என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது. அது தெரியவேண்டுமென்றால் அலுவலகம் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ளும். உங்களுக்கு வந்த கடிதத்தில் அப்போஸ்டில் கேட்டிருக்கிறார்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கேட்டது அந்த ஆள் மட்டும்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குடியுரிமை வாங்கியபோது இந்தியத் தூதரகம் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் முழுசாக இருக்கும். சான்றிதழிலுள்ள 'எஸ்' யார் என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஸ்கேன் செய்து, "சான்றிதழில் உள்ள மீனாட்சி எஸ்ஸும் நானும் ஒரே ஆள், எஸ் என்பது என் தந்தையின் பெயர்" என்று நாலு வரி எழுதி, கடிதத்தில் உள்ள எச்ஆர் (மனிதவளப் பிரிவு) முகவரிக்கு இந்த வாரமே அனுப்புங்கள். அதிகபட்சம் என்ன கேட்பார்கள்? பிரமாண ஆணையர் (உறுதிமொழி வாங்க அதிகாரம் பெற்றவர்) முன்னால் கையெழுத்திட்ட சட்டபூர்வ உறுதிமொழி ஒன்று. அது ஒரு பக்கத் தாள். நீங்களே எழுதிக்கொண்டு போகலாம். பொய் எழுதினால் மட்டும் குற்றம்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நகல் எடுக்கும் கடை வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். "அரசாங்க வேலையா? உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறவன் ஏன் வெளியே வெயிலில் நிற்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வேலை கிடைத்த பிறகு சேருவதற்கும் கட்டணம் இல்லை. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் அனுப்பு என்பார்கள். பிறகு, "சிங்பாஸ் கொஞ்சம் கொடுங்கள், நானே படிவத்தை நிரப்பிவிடுகிறேன்" என்பார்கள். சிங்பாஸ் என்பது இணையத்தில் உங்கள் அரசாங்க அடையாளம்; உங்கள் வீட்டுச் சாவி, வங்கிச் சாவி, மத்திய சேமநிதிச் சாவி எல்லாம் சேர்ந்த கொத்து. குற்றத்துக்குப் பயன்படும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தும் அதைக் கைமாற்றினால், 2024 பிப்ரவரியிலிருந்து கொடுத்தவர்மேலேயே வழக்கு வரும். அரசாங்க மின்னஞ்சல் முகவரி gov.sg என்று முடிவதை — தமிழில் சொன்னால் 'ஜிஓவி புள்ளி எஸ்ஜி' — எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள். அது மோசடித் தடுப்புக்கான உதவி எண்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் முதலாளி கழகமே என்று வைத்துக்கொண்டு சொன்னது. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் பலர் கோட்டைவிடுவதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேலைக் கடிதத்தை எடுத்து, தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கழகத்தின் பெயரா, ஆள் அனுப்பும் தனியார் நிறுவனத்தின் பெயரா? அரசாங்கக் கட்டடம், அரசாங்கக் கணினி, கழுத்தில் அலுவலக அட்டை எல்லாம் இருந்தும், சம்பளம் போடுவது தனியார் ஏஜென்சியாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் முதலாளி அந்த ஏஜென்சிதான். விடுப்பு, மருத்துவச் சலுகை, சேமநிதிச் சந்தா எல்லாம் அவர்கள் கணக்கு. வீட்டில் "அரசாங்க உத்தியோகம்" என்று லட்டு கொடுத்த பிறகு இது தெரியவந்து, மாமியார் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கூச்சப்பட ஒன்றுமில்லை, நல்ல வேலைதான். ஆனால் தெரிந்து சேரவேண்டும். சட்டமும் தலைகீழாகும். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் அரசாங்க ஊழியர்களுக்கும் ஆணைபெற்ற கழக ஊழியர்களுக்கும் பொருந்தாது. அவர்களுக்குக் கடிதமும் அலுவலக விதிகளும்தான் வேதம். ஏஜென்சியின் ஆளாக இருந்தால் அந்தச் சட்டம் உங்களுக்கும் உண்டு. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இரண்டு சட்டம்! ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் நாளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அடையாள அட்டை, அசல் சான்றிதழ்கள், பழைய பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எண், கடிதத்தின் நகல். கைப்பேசியில் சிங்பாஸ் திறக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்பாஸில் இருக்கிற அதே முகவரியை, அதே பிறந்த தேதியை மறுபடி ஐந்து படிவத்தில் கேட்பார்கள். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், இருபது ஆண்டாக நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பருத்திச் சேலையோ சட்டையோ, எதுவானாலும் மேலே ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டியின் குளிர் யாரையும் விடாது. அலுவலகக் கணினியில் சொந்த யுஎஸ்பியைச் சொருகாதீர்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

பேனா எடுக்கும்போதுதான் நிதானம் வேண்டும். அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின்கீழ் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். அலுவலகத் தாளைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதும் அதில் சிக்கவைக்கும். அடுத்து, கடன் பற்றிய அறிவிப்பு. அடமானம் இல்லாத கடன்கள், அதாவது கடனட்டை பாக்கி, தனிநபர் கடன் போன்றவை மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் அரசாங்க ஊழியர் அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கடன் இந்தக் கணக்கில் வராது. கழகத்தின் படிவத்தில் இதே கேள்வி எந்த வடிவில் வந்தாலும் உள்ளதை எழுதுங்கள். மூன்றாவது, வெளி வேலை. மாலை நேரத் தமிழ் டியூஷன், வார இறுதி உணவு விநியோகம் எல்லாவற்றுக்கும் முன்அனுமதி வேண்டும். கணவரின் அண்ணன் மளிகைக் கடை தொடங்கியபோது, "சும்மா பெயருக்கு ஒரு இயக்குநர்" என்று உங்கள் கையெழுத்தை வாங்கியிருந்தால், அதையும் எழுதுங்கள். நம் குடும்பங்களில் பெண்கள் அறியாமலேயே இயக்குநர் ஆகிவிடுகிறார்கள்!

முதல் சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) சில வெள்ளி பிடித்திருப்பார்கள். சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. அது தவறல்ல.

கொடுத்த 100 வெள்ளிக்கு வருவோம். "நீங்கள் சொன்ன ஆவண வேலை வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், பேச்சுக்குச் சாட்சி கிடையாது. கைப்பேசி வழியாகப் பேநவ்வில் பணம் அனுப்பியிருந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். தராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தனிநபர் கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. இதை அவரிடம் சொன்னாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும். அட்டை நகலை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா என்று எழுதவில்லையே? அனுப்பியிருந்தால் இன்றைக்கே சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.