பாமினி விசைப்பலகை, எழுத்துருக்கள், தட்டச்சுப் பாடங்கள்: பள்ளிக்கூடக் கணினிகளுக்கு ஒரே டெப் பொதியா, தனித்தனியா?

யாழ்ப்பாணப் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் ஓடும் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) கணினிகளுக்கு இம்மூன்றையும் ஒரே டெப் பொதியாக (டெபியனில் மென்பொருளை நிறுவும் கோப்பு) தந்துவருவதாகவும், பிரிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரியுங்கள், அதுவும் மூலப்பொதியிலேயே, அதாவது டெப்களைக் கட்டும் மூலக்கோப்புத் தொகுப்பிலேயே.

பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட், மாறிய துண்டை மட்டும் இறக்காது. பதிப்பு எண் கூடினால் முழு டெப்பும் திரும்ப இறங்கும். எழுத்துருக்கள் 30 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பாமினி விசைப்பலகை வரைபடத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் 20 கணினிக்கு 600 மெகாபைட். இணையத்துக்கு டொங்கிளை நம்பியிருக்கிற ஆய்வுகூடம் இதைத் தாங்காது. பலர் பொதிகளை விவரிக்கும் கன்ட்ரோல் கோப்பில் மூன்று பொதிக்கும் பத்தி எழுதிவிட்டுப் பிரித்தாயிற்று என்று இருந்துவிடுவார்கள். பதிப்பு எண்ணைத் தரும் சேஞ்ச்லொக் கோப்பு ஒன்றுதானே, மூன்றுக்கும் ஒரே பதிப்பு எண்தான் ஏறும். வரைபடத்தைத் திருத்தினால் எழுத்துருவும் கூடவே இறங்கும். எழுத்துருவுக்குத் தனி மூலம் வேண்டும் என்பது இதனால்தான். (ஒரு கணினியில் இறங்கிய பொதிகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டால் வெளியிலிருந்து ஒருமுறைதான் இறங்கும். பொதி எப்படி இருந்தாலும் அதைப் போடுங்கள்.)

வரைபடங்களை மேலும் உடைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான். பொதிப் பட்டியல் வீணாக நீளும். தமிழ்99 விசைப்பலகை, எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பிலேயே வருகிறது, அதே பெயரில் அதே இடத்தில் உங்கள் கோப்பையும் வைத்தால் டெப்பை நிறுவும் கருவியான டிபிகேஜி மறுக்கும். எல்லாவற்றுக்கும் ஆர்க்கிடெக்சர் (கணினி வகை) ‘ஆல்’ என்று போட்டால் பழைய 32 பிட் கணினிக்கும் அதே டெப் போதும்.

சிக்கல் வருவது மேம்படுத்தும்போது. பழைய பொதிக்குச் சொந்தமான எழுத்துருக் கோப்பைப் புதிய பொதி எழுதப் போனால், ‘அது இன்னொரு பொதியில் இருக்கிறது’ என்று டிபிகேஜி இடையில் நின்றுவிடும். 2.0இல் பிரிக்கிறீர்கள் என்றால், புதிய பொதிகளின் பிரேக்ஸ் (இதோடு ஒத்துப்போகாது), ரிப்ளேசஸ் (இதன் கோப்புகளை மாற்றி எழுதலாம்) இரண்டிலும் பழைய பொதியின் பெயரோடு (<< 2.0~) என்று எழுதுங்கள். இது ‘அதற்கு முந்தைய பதிப்புகள்’ என்று பொருள்படும். கடைசியிலுள்ள அலைக்குறியை (~) விட்டால் 2.0~ஆர்சி1 போன்ற முன்னோட்டப் பதிப்புகளும் ‘பழையது’ என்ற கணக்கில் விழும்.

பழைய பெயரை அழிக்காமல், மற்றவற்றை இழுத்துவரும் வெற்றுப் பொதியாக வைத்திருங்கள். அதில் மற்றவற்றை ரெக்கமென்ட்ஸ் (பரிந்துரை) என்றல்ல, டிபென்ட்ஸ் (கட்டாயத் தேவை) என்று எழுதுங்கள். ரெக்கமென்ட்ஸ் என்றால், அவை தாமாக நிறுவப்படாதபடி ஆப்டை அமைத்துவிட்டு ஆப்ட்-கெட் அப்கிரேட் கொடுப்பவரிடம் வெற்றுப் பொதி மட்டும் ஏறி, எழுத்துரு காணாமற்போகும். டிபென்ட்ஸ் என்றால் அதே கட்டளை அந்தப் பொதியைத் தொடாமல் நிறுத்திவைக்கும். பிறகு, புதிய பொதிகளையும் ஏற்றும் ஆப்ட் அப்கிரேட் கொடுக்க எல்லாம் சேர்ந்து வரும்.